சுவரில் ஒட்டாத நீர்

பிப்ரவரி 5

ஊமைக்கோட்டானுக்கு,

போனில் உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். உன் எண்ணை அடைத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். இது அப்பா சொல்லி எழுதுகிற கடிதம். "அவ தானே வாங்கிக் குடுத்தா, அவளுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு" என்று மூன்று நாளாக நச்சரிக்கிறார். தையலுக்கு அளவு வெட்டிய தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கோடு தெரிந்தால் பயப்படாதே, இரண்டு பேர் உட்காரும் சோபாவின் முதுகுப் பக்கம் அது.

நேற்று முன்தினம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றுத் தோலுக்கு அடியில் உங்கள் நிறுவனத்தின் வலி மருந்து டப்பா ஷூ பாலிஷ் டப்பா மாதிரி புடைத்துத் தெரிகிறது. நர்ஸ் அதன் நடுவில் ஊசியைக் குத்தி மிச்ச மருந்தை உறிஞ்சி எடுத்தார். இருபது மில்லி ஊற்றியதில் இருபத்தெட்டு நாளில் பதினான்கு போயிருக்க வேண்டும், ஆறு மிச்சம் இருக்க வேண்டும் என்று சீட்டில் இருக்கிறது. ஐந்தே முக்கால் வந்தது. "கரெக்டா வேலை செய்யுது" என்று சொல்லி, புதிதாக இருபது ஊற்றி அனுப்பினார்.

அப்பாவுக்கு வலி இல்லை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பொய் எழுத வராது. பெயின்ட் அடிக்க ஏறிய சாரத்திலிருந்து விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் ஒரு பகல் முழுக்க அவர் யாரையும் திட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது சாப்பிட்டதும் சாய்வு நாற்காலியில் தூங்கிவிடுகிறார். பக்கத்தில் தையல் மெஷின் ஓடினாலும் எழுவதில்லை. சீட்டாட வந்த சலூன்காரர் பார்த்துவிட்டு, "பெயின்டர் சாதுவாயிட்டாரே, யாரு மந்திரிச்சு விட்டது" என்றார்.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தைத்த சோபா உறையைக் கொடுக்க நான் வெளியே போயிருந்த ஒரு மணி நேரத்தில், டப்பா வைக்கச் சம்மதம் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவள் நீ. பத்தாவதோடு நின்றவளிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பாய். பத்தாவதோடு நான் ஏன் நின்றேன் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். சரி, சொல்லிக்காட்டியாகிவிட்டது, போ.

அந்த டப்பாவுக்குள் நீ என்ன வேலை செய்தாய் என்று அப்பா கேட்கிறார். அவர் கேட்பதால் மட்டும்தான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்தபோது நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டிருந்தது.

கையெழுத்து விஷயத்தில் நான் செய்தது தப்பு. உன்னிடம் சொன்னால் நீ பத்துக் கேள்வி கேட்பாய். பத்துக்கும் எனக்குப் பதில் தெரியும், ஆனால் உன் முகத்துக்கு நேரே வாய் வராது. படித்துவிட்ட திமிரில் செய்யவில்லை அக்கா, பயத்தில் செய்தேன். எங்கள் நிறுவனம் டப்பாவைப் பொருத்தி முதல்கட்டச் சோதனைக்கு நோயாளிகளை எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும், அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். இரண்டு வருஷத்தில் நானாகப் போய் அவரிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு. டப்பாவுக்குள் ஒரு மருந்துப் பை இருக்கிறது. பையைச் சுற்றி அடைத்த வாயு. அது பையை எப்போதும் ஒரே அளவில் அமுக்கிக்கொண்டிருக்கும். மருந்து மொத்தமாகப் பீய்ச்சிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக முதுகுத்தண்டுக்குப் போவதற்காக, வழியில் நகத்தளவுக் கண்ணாடிச் சில்லு ஒன்று இருக்கிறது. அதில் எண்ணமுடியாத அளவு இடுக்குகள். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பங்குபோட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் ஓர் இடுக்கின் உயரம். நூறு நானோமீட்டர் என்போம். அந்தச் சில்லு வழியாக ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது என் வேலை.

தண்ணீர் ஓடும்போது சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் படலம் நகராது என்பதுதான் எங்களுக்குப் பாடம். நம் வீட்டு மின்விசிறியைப் பார். அவ்வளவு வேகமாகச் சுற்றியும் இறக்கையில் தூசி அப்படியே இருக்கிறதே. இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடேயே சுற்றுகிறது, தூசியைத் தள்ள அங்கே எதுவும் இல்லை. ஆனால் சில சுவர்கள் தண்ணீரை ஒட்டவிடாது. வெல்வெட் மேல் கத்தரிக்கோலைத் தள்ளினால் நின்றுவிடும், ரெக்சின் மேல் தள்ளினால் மேஜைக்குக் கீழே போய் விழும் இல்லையா, அதுபோல. வீட்டுக் குழாயில் இந்த வழுக்கலால் ஒரு சொட்டுகூட வித்தியாசம் தெரியாது. குழாய் அத்தனை பெரியது. எங்கள் இடுக்கில் அப்படியில்லை. நூறு நானோமீட்டர் இடுக்கில் வெறும் இருபது நானோமீட்டர் வழுக்கல் வந்தால் ஓட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

மருந்து படிந்து இடுக்கு அடைத்துக்கொள்ளக்கூடாது என்று எங்கள் சில்லுக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுக்கிறார்கள். அதனால் வழுக்கல் எவ்வளவு என்பதுதான் எல்லாருக்கும் கவலை. எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவருக்கு இன்றைக்கு ஓர் எண் வரும், நாளைக்கு வேறு எண் வரும். அவருடைய நோட்டில் பல பக்கங்களில் "ஓட்டம் ஏறுகிறது, காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுதான் அளவைக் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெற்றிடத்தில் வைத்து, காற்றை முழுக்க எடுத்துவிட்டு அளந்தேன். எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நின்றன. வழுக்கல் இல்லை என்றே சொல்லலாம். கூட்டத்தில் பிரிவுத் தலைவர், "இந்தப் பொண்ணு வந்த பிறகுதான் நம்ம எண்ணுக்கே ஒழுக்கம் வந்துச்சு" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் அக்கா, அதற்கு முன் என்னைப் பற்றி யாரும் ஒரு கூட்டத்தில் எதுவும் சொன்னதில்லை.

அப்பாவுக்குப் போன சில்லை நானே அளந்து நானே கையெழுத்துப் போட்டேன். அவர் தூங்குகிறார் என்று நீ எழுதியதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 4

ஊமைக்கோட்டானுக்கு,

பேசச் சொன்னால் நாலு வார்த்தை, எழுதச் சொன்னால் நாலு பக்கம். அப்பாவுக்குப் படித்தேன். வெல்வெட் வரைக்கும் கேட்டார், அப்புறம் தூங்கிவிட்டார். நான் மட்டும் முழுக்கப் படித்தேன். மின்விசிறியைத் துடைத்துவிட்டேன், மானம் போகிறது.

நேற்று இரண்டாவது முறை மருந்து ஊற்றினார்கள். மிச்சம் நான்கு மில்லி வந்தது. "ஆறு வரணும்னு போட்டிருக்கே" என்றேன். "ஊசியில உறிஞ்சும்போது அப்படி இப்படி இருக்கும்மா. வலி இருக்கான்னு அவரையே கேளுங்க" என்றார் நர்ஸ். அப்பாவைக் கேட்டால், "வலியா, அது யாரு?" என்று சிரிக்கிறார். டாக்டரும் சிரித்தார். அப்பா டாக்டரிடம் ஜோக் அடித்து நான் நேற்றுத்தான் பார்த்தேன்.

வீடு வேறு வீடு மாதிரி இருக்கிறது. செய்தியில் வருகிறவனைத் திட்டுவதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவதில்லை. உப்பு போடாமலே ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். போன வாரம் சீட்டாடும்போது கையில் சீட்டை விரித்துப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். சலூன்காரர் அவர் கையை எட்டிப் பார்த்து, "ஜெயிக்கிற கையை வச்சுக்கிட்டுத் தூங்குறாரு, இதுக்கு என்னை நேரா அடிச்சிருக்கலாம்" என்று எழுந்து போனார். நேற்று சாப்பிடும்போது கரண்டி வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "அப்பா" என்றதும் மீதி வழியைப் போனது.

வயசாகிறது இல்லையா. ஆறு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கிறது, தூங்கட்டும்.

உனக்கு உடம்பு எப்படி என்று அப்பா கேட்கச் சொன்னார். சரி, அப்பா சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்டதற்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நர்ஸ் எடுத்தது நான்கு மில்லிதானா? சீட்டில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா, பார்த்துச் சொல். இரண்டாவது, மதியம் அப்பா தூங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு அவர் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார். தினமும் ஒரே நேரத்தில் எண்ணு. எழுதி வை.

ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான். ஒரு சில்லை எடுத்துத் தனியாக ஓடவிடப் போகிறேன். பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை.

முன்பு இந்த மேஜையில் இருந்தவர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறாராம். எண் கண்டுபிடித்து அவரோடு பேசினேன். நானே கூப்பிட்டுப் பேசினேன் என்றால் நீ நம்பமாட்டாய். எத்தனை நாள் ஓடவிட்டபோது ஏறியது என்று கேட்டேன்.  "நீ எத்தனை நாள் ஓடவிடுவே?" என்று என்னைக் கேட்டார். இரண்டு மணி நேரம் என்றேன். "என் நோட்டுல எத்தனாவது நாள்னு பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மருந்து ஊற்றும் அடுத்த தேதி எப்போது? அதற்கு முன்னால் அவர் மிகவும் சோர்வாக இருந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உன் தங்கை


மார்ச் 19

ஏய்,

நீ இரண்டு முறை பயப்படாதே என்று எழுதினால் நான் எப்படிப் பயப்படாமல் இருப்பேன்? ஒரு முறை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

சீட்டில் நான்கு என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். அடுத்த தேதி மார்ச் 31.

மதியம் இரண்டரை மணிக்கு எண்ணினேன். முதல் நாள் பதின்மூன்று. அடுத்த நாள் பதின்மூன்று. அப்புறம் பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. நேற்று ஒன்பது. ஒன்பது வந்ததும் தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் ஒரு ஊசியில் நூல் கோத்துவிட்டேன். கோத்து முடிச்சும் போட்டுவிட்டேன். அப்புறம்தான் மார்பு ஏறியது.

இப்போது எனக்கு வேலை ஓடவில்லை. மெஷினை மிதித்தால் எண்ண முடியாது, எண்ணினால் மிதிக்க முடியாது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று எலும்பும் தோலுமாகக் கூடத்தில் கிடக்கிறது. முந்தாநாள் மருந்துக்கடைக்காரர் ஆயின்ட்மென்ட் கொடுக்க வந்தவர் அப்பாவின் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்தார். "கண்மணி கடுகு மாதிரி சுருங்கி இருக்கே" என்றார். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்று செருப்பைத் தேடினார். டாக்டருக்குப் போன் போட்டேன். வலி இல்லை என்றால் முப்பத்தொன்றாம் தேதியே வரலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

அவர் சுகமாகத் தூங்குகிறார் என்றுதான் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ எண்ணச் சொன்னதிலிருந்து அந்தத் தூக்கத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்து சொல்லுடி. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு மூன்று நாள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாயே, அதே வாசனை உன் கடிதத்தில் வருகிறது.

அக்கா


மார்ச் 26

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் உன்னிடம் சொல்லியிருப்பார். உன் எண்ணுக்கு முயன்றேன், போகவில்லை. அவருடைய கடை எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டப்பாவில் இருக்கும் மருந்தை முழுக்க எடுக்கச் சொல். எவ்வளவு மிச்சம் வருகிறது என்று நீயே பக்கத்தில் நின்று பார். மூச்சு குறைவதும் கண்மணி சுருங்குவதும் அந்த மருந்து அதிகமாகப் போகிறது என்பதன் அடையாளம்.

இப்போது சொல்கிறேன். உடைந்த டம்ளரைப் போலவே சொல்கிறேன், தாமதமாக.

காற்று நீக்கிய தண்ணீரை வைத்து நான் அளந்தேன். அப்பாவின் பையில் இருப்பது காற்று நீக்கிய தண்ணீர் இல்லை. அது மருந்து. அதைச் சுற்றி அமுக்கிக்கொண்டிருப்பது வாயு. பையின் சுவர் வழியாக அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தில் கரைகிறது. கரைந்தது சில்லின் இடுக்குக்குள் போகிறது. அங்கே சுவர் தண்ணீரை விரும்பாத சுவர். தண்ணீர் விலகும் இடத்தில் வாயு போய்ப் படுத்துக்கொள்கிறது, கண்ணாடி மேல் மிக மெல்லிய, தட்டையான குமிழிகளாக. அதன் மேல் மருந்து வழுக்குகிறது. நாளாக ஆகக் குமிழிகள் பரவுகின்றன, வழுக்கல் கூடுகிறது, ஓட்டம் ஏறுகிறது. முன்பிருந்தவரின் நோட்டில் ஏறியது இதுதான். அவர் பார்த்தது உண்மை. நான் அதைத் துடைத்து எடுத்துவிட்டு, சுத்தமான எண்ணைக் கொடுத்துப் பாராட்டு வாங்கினேன்.

இருபத்திரண்டு டிகிரி அறையில், இரண்டு மணி நேரம், காற்றே இல்லாத தண்ணீர். இந்த மூன்றும் அப்பாவின் வயிற்றுக்குள் இல்லை.

மார்ச் 13 அன்று, அப்பாவின் சில்லோடு ஒரே கண்ணாடித் தட்டிலிருந்து வெட்டிய இன்னொன்றை எடுத்து, உடல் சூட்டில், அதே மருந்தை வைத்து ஓடவிட்டேன். சீக்கிரம் தெரியவேண்டும் என்று வாயுவை அதிகமாகக் கரைத்தேன். ஆறாம் நாள் வரை ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒன்பதாம் நாள் நூற்றுக்குப் பதினெட்டு கூடியது. இன்று முப்பத்தொன்று. வேகம் குறையவில்லை.

அந்தத் தாளைப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா, முகம் வெளுத்துவிட்டது. "ஒரே ஒரு சில்லும்மா. அதுவும் நீயே வாயுவைக் கூட்டி விட்டிருக்கே. இதை வச்சு எப்படி எல்லாத்தையும் நிறுத்துறது?" என்றார். பிறகு மெதுவாக, "காத்தை எடுக்கலாம்னு சொன்னதும் நீதானே" என்றார். ஆமாம் என்றேன்.

நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், நான் ஒரு நாள் இங்கே இல்லாவிட்டாலும் அந்தச் சில்லைக் கழற்றிவிடுவார்கள். அறுபத்துமூன்று பேருக்கு இதே தட்டுகளிலிருந்து போயிருக்கிறது. அப்பாவின் வயிற்றுக்குள் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியது இந்த ஒரு சில்லுதான்.

உன் போனைத் திறந்து வை அக்கா.

உன் தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டாமல்கூட ஓடிவந்தார். "உன் தங்கச்சி ஏழு தரம் கூப்பிட்டுட்டா. எட்டாவது தரம் கூப்பிடறதுக்குள்ள கிளம்பிடலாம்" என்றார். அவரே வண்டி பிடித்தார். அன்றைக்கு அங்கே டப்பாவைத் தொடத் தெரிந்த நர்ஸ் இல்லை என்று மறுநாள் காலைதான் ஊசி போட்டார்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தேன்.

எட்டு மில்லி மிச்சம் இருக்க வேண்டிய நாள் அது. ஒன்றரை வந்தது. நர்ஸ் ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், என்னைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிடப் போனார். இந்த முறை யாரும் டிக் போடவில்லை.

மருந்தை முறிக்க என்று கையில் வேறு ஏதோ ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அப்பா கண்ணைத் திறந்தார். மூன்று மாதத்தில் அவர் கண் முழுக்கத் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "எவன்டா என்னை எழுப்பினது" என்று டாக்டரையே திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்.

அப்புறம் ஐந்து நாள். அதை எழுத வேண்டுமா? உனக்குத் தெரியும், நீயும் இந்த வீட்டில்தானே இருந்தாய். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எந்த மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. உன் சில்லைப் பற்றிச் சொன்னேன், நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆறு வருஷத்துல அந்த மூணு மாசம்தான் நான் மனுஷனா இருந்தேன். திரும்ப ஊத்தச் சொல்லு. மூச்சு நின்னா நிக்கட்டும்" என்றார். "நின்னா எனக்கு யாரு" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று நான் மூன்று பேர் சோபாவின் உறையைக் கொடுத்துவிட்டு வருவதற்குள், மறுபடி மருந்து ஊற்றச் சம்மதம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தாராம். ஓட்டம் எல்லைக்குள்தான் இருக்கிறது, உறிஞ்சி எடுப்பதில் பிழை நடந்திருக்கலாம், வீட்டு ஆட்கள் பதற்றத்தில் இருக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னாராம். டாக்டர் பாதி நம்பி, மருந்தின் வீரியத்தைக் கால் பங்கு குறைத்து ஊற்றிவிட்டார். டப்பாவை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, இப்போதிருக்கும் உடம்புக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். இன்று காலை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நீ என்னைத் திட்டலாம். திட்டத் தெரியாது உனக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அவர் கை அந்தக் கம்பியை விட்டதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எண்ணாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போனைத் திறக்கவில்லை. கோபம் இல்லை. அந்த எண்களை உன் குரலில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எழுத்தில் வந்தால் மடித்து வைக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. காலை பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், மதியத்துக்குள் மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்து தருவார். மடித்து வைக்காதே.

உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி? நீ எண்ணாமல் உட்கார்ந்திருந்தது கொஞ்ச நேரம். நான் வருஷம் முழுக்க ஏறிய எண்ணைப் பார்க்காமல் இருந்தவள்.

என் சில்லு நேற்று இரண்டு மடங்கைத் தாண்டியது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கேயாவது நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பாவின் சில்லு மார்ச் கடைசியிலேயே ஒன்றரை மடங்கில் இருந்தது, உன் ஒன்றரை மில்லியை வைத்துக் கணக்குப் போட்டேன். அதுவும் இரண்டு மடங்குக்கு வந்தால் கால் பங்கு குறைத்ததற்கு அர்த்தமே இல்லை, நீ வண்டி பிடித்த அன்றைக்கு எங்கே இருந்தோமோ அங்கேயே நிற்போம். அதைவிட மோசம், ஐந்து நாள் மருந்தில்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அடுத்து மருந்து ஊற்றும் தேதி வரை எனக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் பேசினேன். கதவுப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, தாளைப் பார்க்காமல் பேசினேன். டை கட்டியவர் "சத்தமா சொல்லும்மா" என்றார், சத்தமாகச் சொன்னேன். காற்றை எடுத்தது நான், அளந்தது நான், கையெழுத்து என்னுடையது என்றேன். அதன் பிறகு அவர்களால் என்னை எதைச் சொல்லி அடக்குவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியப்படுத்துவதைப் பற்றி அடுத்த வாரம் முடிவெடுப்போம் என்றார்கள். நான் அடுத்த வாரம் வரை வைத்திருக்கவில்லை. பட்டியலில் இருக்கும் மற்ற அறுபத்திரண்டு வீட்டுக்கும் எழுத ஆரம்பித்துவிட்டேன், என் பெயரில். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இப்படித் தொடங்கினேன்: "உங்கள் வீட்டு நோயாளி முன்பைவிட நன்றாகத் தூங்குகிறாரா?" இன்று காலை என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. சில்லைக் கழற்றியிருப்பார்கள். இனி இங்கே எனக்குக் காவல் காக்க எதுவும் இல்லை, மற்ற வீடுகளுக்கான கடிதங்களை எழுதித் தபாலில் போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் வருகிறேன். ஆனால் நான் வந்து சேர நாளை ஆகிவிடும்.

அதனால் இதற்கு மேல் இருப்பது உனக்கு இல்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்கு அருகில், சத்தமாகப் படி.

அப்பா, நான்தான், சின்னவள். அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்தை உங்களிடம் வாங்கியவள். அன்றைக்கு நீங்கள் "இது என்னை என்னம்மா செய்யும்" என்று கேட்டீர்கள். வலியைக் குறைக்கும், அளவு மாறாது என்றேன். அளவு மாறாது என்று நான் சொன்னது தப்பு. அதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நேரில் வந்து கேட்கிறேன். வலியோடு இருங்கள் என்றும் சொல்லவில்லை. வேறு மருந்து, வேறு வழி, எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டுமானாலும் இறங்குகிறேன். இரண்டாவது முறை நீங்கள் கையெழுத்துப் போட்டபோது உங்களுக்கு ஒரு கால் பங்கு குறைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவும் தப்பு. உங்களுக்குள் ஓடுவது எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குப் போட்ட கையெழுத்து செல்லாது அப்பா. தெரிந்துகொண்டு போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

இந்த இடத்தில் அக்கா நிறுத்துவாள், உங்கள் பதிலுக்குக் காத்திருப்பாள். ஒரு வார்த்தை போதும். எங்கள் இரண்டு பேரையும் திட்டினாலும் போதும்.

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் முதலிலிருந்து ஒரு முறை படிப்பாள். அதற்கும் சொல்லாவிட்டால் மூன்றாவது முறை படிக்க வேண்டாம், அவர் போட்ட கையெழுத்தைப் பார்க்க வேண்டாம், மருந்தை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கூப்பிடு என்று அவளிடம் சொல்கிறேன்.